உடலுறைகாப்பைப் பற்றி ஊரில் பேசுவது எப்படி

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் தங்கை வேலந்தாவளத்திலிருந்து பேருந்து ஏறி வந்தாள். திண்ணையில் உட்கார்ந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, எம்பட பையன் செத்தா எரிக்கவே மாட்டாங்களாமா? நைட்ரஜன்ல போட்டு வெச்சிருவாங்களாமா?" ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவளுடைய மகன் அங்குள்ள ஒரு நிறுவனத்தில் கையெழுத்திட்டுவிட்டு, அதைத் தொலைபேசியில் அம்மாவிடம் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தான். நைட்ரஜன் என்ற சொல் காதில் விழுந்ததால்தான் அவள் என்னைத் தேடி வந்தாள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது என்பதும், என் வீட்டு வராந்தாவில் எப்போதும் ஒரு நைட்ரஜன் கேன் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

இறந்தவரின் உடலை, அல்லது தலையை மட்டும், −196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனில் வைத்து, பிற்கால மருத்துவம் ஒருவேளை மீட்கக்கூடும் என்று காத்திருக்கும் முறையே கிரையோனிக்ஸ். தமிழில் உடலுறைகாப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். தங்கை வந்துபோன பிறகு, வீட்டுக்குள்ளும், பால் சொசைட்டித் திண்ணையிலும், ஊர் வாசகசாலையிலும் ஓராண்டுக் காலம் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதை வைத்து, இதே வேலையை மேற்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதில் சேர்ந்தவன் அல்லன். சேரும் எண்ணமும் எனக்கில்லை. என் மருமகனின் விருப்பத்தை ஊர் ஏளனம் செய்யக் கூடாது என்பது மட்டுமே என் நோக்கம்.

கேட்பதை அளந்து கேளுங்கள்

பேசத் தொடங்குவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: கேட்பவர்கள் இதை நம்ப வேண்டுமா, அல்லது தடுக்காமல் இருந்தால் போதுமா? முதலாவதைக் கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள், ஏனென்றால் இதுவரை உறைகாப்பிலிருந்து ஒரு மனிதர்கூட மீட்கப்பட்டதில்லை என்ற உண்மை எந்தக் கூட்டத்திலும் ஐந்தாவது நிமிடத்தில் வெளியே வந்துவிடும். இரண்டாவதைக் கேட்டால் அந்த உண்மை நமக்கு எதிராக நிற்பதில்லை. "இது பலிக்குமா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று அவன் சொல்லியிருக்கிறான்" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் வாதத்துக்கு வருவதற்குப் பதில் யோசிக்க ஆரம்பிக்கிறார்.

இதற்கு நல்ல முன்மாதிரி 2016இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உடல் உறைகாப்பில் வைக்கப்பட வேண்டும் என்று விரும்பினாள். பிரிந்து வாழ்ந்த பெற்றோரில் தாய் சம்மதித்தார், தந்தை தயங்கினார். நீதிபதி பீட்டர் ஜாக்சன் கிரையோனிக்ஸ் சரியா தவறா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. இறந்தபின் அந்த உடல் குறித்து யார் முடிவெடுப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த உரிமையைத் தாயிடம் கொடுத்தார். வாசகசாலையில் இதைச் சொன்னபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

தெரிந்த பொருளிலிருந்து தொடங்குங்கள்

நம் பக்கத்தில் இதற்குக் கைவசம் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஐஸ் பெட்டி. என் சிறுவயதில் காலையில் உயிர் பிரிந்தால் மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். இன்று துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ மகன் வந்து இறங்கும்வரை கண்ணாடி மூடிக்குள் உடல் இரண்டு நாள், மூன்று நாள் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதையே மொபைல் மோர்ச்சுவரி என்று சொல்லி வாடகைக்கு எடுக்கிறோம். உடலைக் குளிரில் வைத்துக் காத்திருப்பது முறைகேடு என்று இன்று யாரும் சொல்வதில்லை. இதைச் சொல்லும்போதே வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்: ஐஸ் பெட்டி சிதைவைத் தாமதப்படுத்துகிறது, −196 டிகிரியில் சிதைவு ஏறக்குறைய நின்றே போகிறது.

இரண்டாவது, என் தொழிலின் பொருளான சினை ஊசி. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்களிடம் வேறு எந்த விளக்கமும் இவ்வளவு வேலை செய்யவில்லை. 1963இல் மூணாறுக்கு அருகே மாட்டுப்பட்டியில் இந்திய–சுவிஸ் திட்டம் தொடங்கியதிலிருந்து கேரளத்தின் மாட்டினமே உறைவிந்தைக் கொண்டு மாற்றப்பட்டது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தோணியிலும் காளைப் பண்ணை இருக்கிறது. கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய ஸ்ட்ராவில் அடைத்த விந்து, காளை செத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் நைட்ரஜனுக்குள் கிடக்கும். ஸ்ட்ராவை இடுக்கியால் எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, துடைத்து, முனையை வெட்டிப் போடுகிறோம், மாடு சினையாகிறது. செத்த காளைக்குப் பிறந்த கன்று தன் தொழுவத்தில் நிற்பதைப் பார்த்தவரிடம், குளிரில் உயிர்ப்பொருள் நிற்கும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

அந்த ஸ்ட்ராவுக்குள் விந்தோடு கிளிசரால் கலந்திருக்கிறது. 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் கிளிசரால் சேர்த்தால் விந்தணு உறைதலைத் தாங்கும் என்று கண்டறிந்ததிலிருந்துதான் இந்தத் தொழிலே பிறந்தது. ஆனாலும் உறையவைத்து எடுக்கும்போது விந்தணுக்களில் கிட்டத்தட்டப் பாதி செத்துவிடும் என்பதையும் மறைக்காதீர்கள். கோடிக்கணக்கில் இருக்கும் விந்தணுவில் பாதி போனால் நட்டமில்லை. ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் 8,600 கோடி நரம்பணுக்கள் கொண்ட மூளையில் பாதி போனால் என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

படித்தவர்கள் கூடும் இடமானால் மூன்றாவதாகத் துர்காவின் கதையைச் சொல்லலாம். கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் 53 நாள்கள் உறையவைத்திருந்த கருவிலிருந்து 1978 அக்டோபர் 3 அன்று அந்தக் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஏளனமும் இடமாற்றமும் தாங்காமல் 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை 1986இல் தந்தவர் என்று பெயர் பெற்றிருந்த ஆனந்த குமாரே, முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலாமவர் அவர்தான் என்று 1997இல் வெளிப்படையாகச் சொன்னார். இன்று நம் நகரங்களின் கருத்தரிப்பு மையங்களில் உறைகரு அன்றாடச் செய்தி. ஆனால் "அன்று அவரைச் சிரித்தார்கள், இன்று எங்களைச் சிரிக்கிறார்கள், ஆகவே நாங்களும் வெல்வோம்" என்று முடிச்சுப் போடாதீர்கள். சிரிப்புக்கு ஆளான பலர் உண்மையிலேயே தவறாகத்தான் இருந்தார்கள். முகோபாத்யாயிடம் காட்டுவதற்கு ஒரு குழந்தை இருந்தது, நம்மிடம் இல்லை.

தக்காளியும் கற்கண்டும்

அறிவியலைப் பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். கையில் பொருள் இருந்தால் ஐந்து நிமிடமே போதும். முந்தின நாள் ஃப்ரீசரில் வைத்த வேலந்தாவளம் சந்தைத் தக்காளி ஒன்றைக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். பேசி முடிப்பதற்குள் அது உருகி, தோல் தொங்கி, தட்டில் நீர் விட்டுக் கிடக்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. அந்தப் படிகங்கள் திசுவைக் கிழிக்கின்றன. வெறுமனே உறையவைத்த உடலின் கதியும் அதுதான்.

பிறகு ஒரு துண்டுக் கற்கண்டையும் ஒரு பாகுமிட்டாயையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சர்க்கரைதான். ஒன்று படிகமாக இறுகியது, மற்றது படிகமே இல்லாமல் கண்ணாடிபோல் இறுகியது. இன்றைய உறைகாப்பு நிலையங்கள் இரத்தத்தை வெளியேற்றிவிட்டு அடர்ந்த உறைகாப்புக் கரைசலைச் செலுத்தி, திசுவை இரண்டாவது வகையில் இறுகவைக்க முயல்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் எலிச் சிறுநீரகங்களை இப்படி 100 நாள்கள்வரை வைத்திருந்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களின் உதவியால் சீராகச் சூடேற்றி, வேறு எலிகளுக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்ததாக 2023இல் அறிவித்தார்கள். எலிச் சிறுநீரகம் நிலக்கடலை அளவுப் பொருள். பெரிய உறுப்பைக் குளிரூட்டும்போது அதில் விரிசல் விழுகிறது, கரைசலே நஞ்சாகவும் இருக்கிறது, முழு மனித உடலைச் சேதமில்லாமல் சூடேற்றும் வழி இன்னும் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு மிட்டாயைச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

"எவனுங்க ஊத்துவான்?"

பால் சொசைட்டியில் முதல் நாளே ஒரு பெரியவர் கேட்டார்: "அம்பது வருசம் கழிச்சு அதுல எவனுங்க நைட்ரஜன் ஊத்துவான்?" அதற்குப் பின் நான் பேசிய எல்லா இடங்களிலும் ஏதாவதொரு வடிவில் இந்தக் கேள்வியே வந்தது. ஆன்மா, கடவுள், இயற்கைக்கு மாறானது என்பவையெல்லாம் பிறகுதான். இதற்கு நேர்மையாக விடை சொல்லத் தெரியாதவர் இதைப் பற்றிப் பேசக் கிளம்பவே கூடாது என்பது என் கருத்து.

கேன் என்பது பெரிய ஃபிளாஸ்க். மின்சாரம் தேவையில்லை, ஆகவே கரண்ட் போனால் என்ன ஆகும் என்பவருக்கு எளிதில் விடை சொல்லிவிடலாம். ஆனால் நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அளவுக் கோலை உள்ளே விட்டு, சில நொடிகள் வைத்து, வெளியே எடுத்துக் காற்றில் வீசினால் கோலின் மீது வெள்ளையாகப் பனி பூக்கும். எதுவரை பூத்திருக்கிறதோ அதுவரை திரவம் இருக்கிறது என்று பொருள். ஒரு மழைக்காலத்தில் நைட்ரஜன் வண்டி வரத் தாமதமாகி, நானும் இரண்டு வாரம் கோல் விட்டுப் பார்க்காமல் இருந்துவிட்டேன். கேனைத் தூக்கியபோதே இலேசாக இருந்தது. கோலில் விரற்கடைக்கு மேல் பனி பூக்கவில்லை. அந்த ஸ்ட்ராக்களை வீசாமல் பயன்படுத்தினேன். தொடர்ந்து பதினோரு மாடுகளுக்குச் சினை பிடிக்கவில்லை. கண்ணுக்கு அந்த ஸ்ட்ராக்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதுதான் இதில் கொடுமை. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் அந்தப் பதினோரு மாடுகளில் ஒன்றின் சொந்தக்காரரும் இருந்தார். அவர் என்னைத் திட்டியது பேச்சுக்கு நல்லதாகவே அமைந்தது.

மனித உடல்களுக்கும் இதே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்லறை நிலவறையில் வைக்கப்பட்டிருந்த உடல்கள், உறவினர்கள் பணம் கட்டுவதை நிறுத்தியதாலும் பொறுப்பாளர் நைட்ரஜன் ஊற்றுவதை விட்டதாலும் அழுகிப்போயின. 1979இல் அது வெளியே வந்தது. எதிர்ப்பவர் சொல்லும்வரை காத்திராமல் இதை நீங்களே முதலில் சொல்லுங்கள். அதோடு 1967 ஜனவரி 12 அன்று உறையவைக்கப்பட்ட பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் இன்றும் இருக்கிறது என்பதையும், நெடுங்காலம் அதை இடம் மாற்றி இடம் மாற்றிக் காத்தது அவருடைய குடும்பம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரது உடல் இப்போது இருக்கும் ஆல்கர் நிலையம் 1972இல் தொடங்கியது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தனி அறக்கட்டளையில் இட்டு அதன் வருவாயில் பராமரிப்பை நடத்துகிறார்கள்.

இந்த ஏற்பாட்டை விளக்க நம் கோயில் கல்வெட்டுகளைவிட நல்ல உவமை கிடைக்காது. நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளை விட்டு, அவற்றுக்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர் வைத்தார்கள். ஓர் ஆடு செத்தால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது, நெய் நிற்காது என்பது கணக்கு. நான் இதைச் சொன்னவுடன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, "அந்த விளக்குகளில் எத்தனை இன்றைக்கு எரிகிறது?" என்று கேட்டார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. நிறுவனங்கள் நூற்றாண்டுகளைத் தாண்டுவது அரிது. இதில் சேர்பவர் அந்த ஐயத்தையும் சேர்த்தேதான் கையெழுத்திடுகிறார்.

சேர்க்கக் கூடாத சரக்கு

நம் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தவுடன் யாராவது பழனி போகர் ஜீவசமாதியைக் கொண்டு வருவார்கள். வைணவர் ஒருவர் திருவரங்கத்து இராமானுசர் திருமேனியைச் சொல்வார். கொழிஞ்சாம்பாறைக் கத்தோலிக்கர் கோவாவில் உள்ள புனித சவேரியாரைச் சொல்வார். உதவிக்கு வந்ததுபோலத் தோன்றும், பிடித்துக்கொள்ளாதீர்கள். அவை வழிபாட்டுக்கு உரியவை. அவற்றைச் சான்றாக்கினால் பக்தரும் மனம் நோவார், ஐயமுள்ளவரும் எழுந்து போவார். பஞ்சாபின் நூர்மகால் ஆசிரமத் தலைவர் 2014இல் இறந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்த பிறகும், அவர் சமாதி நிலையில் இருக்கிறார் என்று சீடர்கள் உடலைக் குளிர்பெட்டியில் வைத்ததும், எரியூட்டும்படி வந்த தீர்ப்பை உயர் நீதிமன்ற அமர்வு 2017இல் மாற்றி உடலை வைத்துக்கொள்ள விட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அது நம்பிக்கையின் வழக்கு. உறைகாப்பில் மருத்துவர் இறப்பை உறுதி செய்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது என்று ஒரே வாக்கியத்தில் பிரித்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாகாவரம், மரணத்தை வெல்லுதல், காயகல்பம் ஆகிய சொற்களும் வேண்டாம். அமெரிக்க நிறுவனங்கள் உறைகாப்பில் உள்ளவரை "நோயாளி" என்கின்றன. தமிழில் அப்படிச் சொன்னால் கேட்பவர் நம்மை ஏமாற்றுக்காரர் என்றே நினைப்பார். இறந்தவர் என்றே சொல்லுங்கள். சாவு வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வீட்டுக்குள்

ஊரைவிட வீடு கடினம், ஆனால் முடிவு அங்கேதான் இருக்கிறது. 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை வீடுதோறும் பேசப்படும் பொருளானது; 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் புத்தகத்தில்தான் இருந்தது. மேடையில் பத்துப் பேர் பேசுவதைவிட, சம்மதித்த ஒரு தாய் பக்கத்து வீட்டில் இயல்பாகச் சொல்வது தொலைதூரம் போகும்.

என் தங்கைக்கு அறிவியலில் ஐயம் எதுவும் இருக்கவில்லை. எரிக்காவிட்டால் கருமாதி எப்படி, எலும்பு பொறுக்குவது எப்படி, திருவில்வாமலைக்குப் பக்கத்தில் ஐவர்மடத்தில் எதைக் கரைப்பது என்பவையே அவளுடைய கேள்விகள். கடலில் போனவர், உடல் கிடைக்காதவர் ஆகியோருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை நடத்தும் வழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது என்று புரோகிதர் சொன்னபோது அவள் முகம் தெளிந்தது. ஆகவே குடும்பத்தின் சடங்குக்காரரை முன்கூட்டியே சந்தித்துவிடுங்கள். இராவுத்தர் குடும்பங்களில் விரைந்து அடக்கம் செய்வது கடமை. அங்கே இதை வாதமாக்க வேண்டாம், யாரையும் சேர்ப்பது நம் வேலை அல்ல.

பணத்தைப் பற்றி மழுப்பாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் 28,000 டாலர் வாங்குகிறது. அதுவே இருபது லட்சம் ரூபாயைத் தாண்டும், பயணச் செலவு தனி. ஆல்கரில் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கும் மேல். பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டின் வழியாகக் கட்டுகிறார்கள். ஊரில் இருக்கும் நிலத்தை விற்றுக் கட்டுவேன் என்று யாராவது சொன்னால் நீங்களே தடுத்துவிடுங்கள். இங்கே இறப்பவரின் உடல் இவ்வளவு தொலைவு போய்ச் சேர்வதற்குள் மூளைக்கு ஆகும் சேதத்தையும் சொல்லுங்கள். இறந்த சில நிமிடங்களிலேயே அது தொடங்கிவிடுகிறது.

கடைசியாக ஒரு கடிதம் வேண்டும். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 2002இல் இறந்தபோது அவருடைய பிள்ளைகள் எதிரெதிராக நீதிமன்றம் போனார்கள். எண்ணெய்க் கறை படிந்த ஒரு துண்டுத்தாளே அவருடைய விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எனவே கையெழுத்திட்டவரைத் தம் கையால், தமிழில், அம்மாவுக்குப் புரியும் சொற்களில் எழுதச் சொல்லுங்கள்: என்ன செய்யப்படும், யார் தொலைபேசியில் அழைப்பார்கள், குடும்பத்துக்குச் செலவு இல்லை, சடங்கை நீங்கள் விரும்பியபடி நடத்துங்கள், உரிய நேரத்தில் ஏற்பாடு கைகூடாவிட்டால் வழக்கம்போல் எரித்துவிடுங்கள், அதில் எனக்குக் குறையில்லை. என் மருமகன் எழுதிய கடிதத்தில் இந்தக் கடைசி வரி முதலில் இல்லை. நான் சொல்லி, அவன் இரண்டு நாள் யோசித்து, பிறகு சேர்த்து அனுப்பினான். தங்கை அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறாள்.